பவர் குவெரி: ஒரு குவெரியின் நடுப்படியை மற்றக் குவெரிகளில் பயன்படுத்துவது எப்படி?

பேரேடு:

அனைவருக்கும் வணக்கம். தணிக்கை அலுவலகம் ஒன்றில் ஜி.எஸ்.டி. கணக்குகளைப் பார்த்துவருகிறேன். வாடிக்கையாளர் ஒருவரின் கொள்முதல் பதிவேடு மாதத்துக்கு ஒரு சி.எஸ்.வி. கோப்பாக வருகிறது. எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, பவர் பிஐ டெஸ்க்டாப் என்ற அறிக்கை மென்பொருளில், தரவைப் படித்துச் சீர்படுத்தும் அதன் பகுதியான பவர் குவெரி வழியாக ஒன்றுசேர்க்கிறோம்.

சேர்த்த பிறகு வரும் சுத்தம் செய்யும் வேலைதான் பெரிது. ஜி.எஸ்.டி. எண்ணின் முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளிகளை நீக்க வேண்டும். 15 எழுத்து இல்லாத எண்களைத் தனியே பிரிக்க வேண்டும். பில் எண்ணிலுள்ள சாய்கோடு, சிறுகோடு ஆகியவற்றை எடுத்துவிட்டு, ஒப்பிடுவதற்கென்று ஒரு சாவி நெடுவரிசை உண்டாக்க வேண்டும். பவர் குவெரியில் ஒவ்வொரு வேலையும் ஒரு படி, படிகளின் தொடர் ஒரு குவெரி. இந்த வேலைகள் முடிகிற படிக்குத் 'தூய்மை' என்று பெயர்.

'தூய்மை'யிலிருந்து மூன்று கிளைகள் பிரிகின்றன. ஜி.எஸ்.டி.ஆர்-2பி அறிக்கையோடு (விற்பனையாளர்கள் தாக்கல் செய்த பில்களின் பட்டியல்) ஒப்பிடும் அட்டவணை ஒன்று, விற்பனையாளர் பட்டியல் ஒன்று, மாதவாரி வரித் தொகை ஒன்று.

எனக்கு முன் இந்தக் கோப்பைப் பார்த்துவந்தவர் டூப்ளிகேட் கொடுத்து மூன்று தனித்தனிக் குவெரிகளாக வைத்திருக்கிறார். மூன்றிலும் தொடக்கப் படிகள் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஆனால் ஒன்றில் மட்டும், பவர் குவெரி தானாகச் சேர்க்கும் 'சேஞ்ச்டு டைப்' படி பில் எண்ணை எண் வகைக்கு மாற்றியிருக்கிறது. அங்கே '0047' என்பது 47 ஆகிவிட்டது. மற்ற இரண்டிலும் '0047' அப்படியே இருக்கிறது. 2பி-யில் இல்லை என்று ஒரு குவெரி காட்டும் பில், இன்னொன்றின் மாதத் தொகையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. உள்ளீட்டு வரி வரவு, அதாவது கொள்முதலில் கட்டிய வரியில் கழித்துக்கொள்ளக்கூடியது, எவ்வளவு என்று வாடிக்கையாளர் கேட்டால் எந்தத் தொகையைச் சொல்வது?

'தூய்மை' வரை ஒரே இடத்தில் எழுதிவைத்து, மூன்று கிளைகளும் அங்கிருந்து தொடங்கும்படி செய்ய வேண்டும். இன்னொரு குவெரியின் பெயரைச் சூத்திரப் பட்டையில் தட்டினால் அதன் கடைசிப் படிதான் வருகிறது. நடுவிலுள்ள படியைக் கேட்க வழி இருக்கிறதா?


தென்கரை:

நேர்வழி ஒன்று இருக்கிறது. நடுப்படியைக் கடைசிப் படியாக்கிவிடுங்கள்.

மூன்றில் எது சரியான குவெரியோ அதைத் திறந்து, வலப்பக்கப் படிப்பட்டியலில் 'தூய்மை'க்கு அடுத்த படியின் மேல் வலச்சொடுக்குங்கள். 'எக்ஸ்ட்ராக்ட் பிரீவியஸ்' என்று ஒரு கட்டளை வரும். சொடுக்கும் படிக்கு முந்தைய படிகள்தான் பிரிந்து போகும் என்பதால் 'தூய்மை'யின் மேலேயே சொடுக்கக் கூடாது. சொடுக்கினால் 'தூய்மை' பழைய இடத்திலேயே தங்கிவிடும். புதிய குவெரிக்குப் பெயர் கேட்கும், 'கொள்முதல்_அடி' என்று வையுங்கள். பழைய குவெரி தானாகவே 'கொள்முதல்_அடி'யை மூலமாக எடுத்துக்கொள்ளும்.

அதன்பின் மற்ற இரண்டு கிளைகளுக்கும் 'கொள்முதல்_அடி'யின் மேல் வலச்சொடுக்கி 'ரெஃபரன்ஸ்' கொடுங்கள். டூப்ளிகேட் கொடுத்தால் படிகள் எல்லாம் நகலாகும். ரெஃபரன்ஸ் கொடுத்தால் பெயர் மட்டும் வரும். பழைய நகல்களில் 'தூய்மை'க்குப் பிறகு இருந்த படிகளை மட்டும் எடுத்து ஒட்டிவிட்டு நகல்களை அழித்துவிடலாம். அடிக் குவெரிக்கு 'எனேபிள் லோட்' தேர்வை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதுவும் ஓர் அட்டவணையாக மாடலுக்குள் (அறிக்கைகள் படிக்கும் தரவுத் தொகுப்பு) வந்து இடத்தை அடைக்கும்.

'சேஞ்ச்டு டைப்' பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சி.எஸ்.வி. கோப்பில் முதல் 200 வரிசைகளைப் பார்த்துத்தான் பவர் குவெரி வகையை ஊகிக்கிறது. முதல் 200 பில்களும் வெறும் எண்களாக இருந்துவிட்டால் முழு நெடுவரிசையும் எண் என்று முடிவு கட்டிவிடும். அதற்குப் பின் எழுத்து கலந்த பில் எண் வந்தால் அந்தக் கட்டத்தில் பிழை விழும். யாராவது 'ரிமூவ் எரர்ஸ்' கொடுத்தால் அந்தப் பில்லே சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். ஆகவே அந்தத் தானியங்கிப் படியை அழித்துவிட்டு, வகைகளை நீங்களே குறியுங்கள். பில் எண் என்றைக்கும் எழுத்து வகைதான்.


கணிநிலா:

தென்கரை சொன்னது போதும். ஆனால் பேரேடு கேட்ட கேள்விக்கு நேரான விடையும் உண்டு. ஒரு குவெரியிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட படிகளை வெளியே கொடுக்கலாம்.

பவர் குவெரியின் படிகள் எழுதப்படும் 'எம்' (M) என்ற மொழியில் நாம் எழுதும் லெட் - இன் அமைப்பு அடிப்படையில் ஒரு ரெகார்டுதான், அதாவது பெயரிட்ட புலங்களின் தொகுப்பு. மொழியின் வரையறையே அப்படித்தான் சொல்கிறது: லெட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு படியும் ரெகார்டின் ஒரு புலம், இன்-க்குப் பின் வருவது அந்த ரெகார்டிலிருந்து எடுக்கும் ஒரே ஒரு புலம். மற்றப் புலங்கள் வெளியே தெரியாமல் போவதற்குக் காரணம் இதுதான். வெளியே தெரிய வேண்டுமானால் கடைசியில் நாமே ஒரு ரெகார்டைக் கட்டிக் கொடுத்துவிடலாம். படிப்பெயர்களைத் தமிழில் வைக்கலாம், நான் அப்படித்தான் வைக்கிறேன்:

வெளியீடு = [ தூய்மை = தூய்மை, தவறான_எண்கள் = தவறான_எண்கள் ]

இன்-க்குப் பின் 'வெளியீடு' என்று மட்டும் இருக்கட்டும். மற்றக் குவெரியில் இப்படிக் கேளுங்கள்:

மூலம் = கொள்முதல்_அடி[தூய்மை]

'தூய்மை = தூய்மை' என்று எழுதினால் தன்னைத்தானே சுற்றாதா என்று பலர் தயங்குகிறார்கள். சுற்றாது. ஒரு புலத்துக்கு மதிப்புக் கொடுக்கும்போது அதே பெயர் ரெகார்டுக்கு வெளியே இருப்பதையே குறிக்கும். தன்னையே குறிக்க வேண்டுமானால் முன்னால் அட் (@) குறி போட வேண்டும்.

உங்கள் கோப்புக்கு இந்த வழி ஏன் பொருந்தும் என்றால், சுத்தம் செய்யும்போது இரண்டு விளைவுகள் வருகின்றன: நல்ல வரிசைகள், 15 எழுத்து இல்லாத ஜி.எஸ்.டி. எண் கொண்ட வரிசைகள். இரண்டாவதை வாடிக்கையாளருக்குத் திருத்தி அனுப்பச் சொல்ல வேண்டும். அதற்கென்று இன்னொரு அடிக் குவெரி தேவையில்லை.

குறை ஒன்று உண்டு. உங்களுக்குப் பின் வருகிறவர் அடிக் குவெரியைத் திறந்தால் அட்டவணைக்குப் பதிலாக ரெகார்டு தெரியும், திகைத்துப்போவார். அந்தப் படியின் விவரப் பகுதியில் ஒரு வரி விளக்கம் எழுதிவையுங்கள்.


பேரேடு:

தென்கரை, கணிநிலா, இருவருக்கும் மிக்க நன்றி. ரெகார்டு வழியில் செய்துவிட்டேன். மூன்று கிளைகளும் இப்போது ஒரே தொகையைக் காட்டுகின்றன. தவறான எண்களின் பட்டியலும் தனியே வந்துவிட்டது. பல வரிசைகளில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்து ஓ இருக்கிறது.

ஆனால் ரிஃப்ரெஷ் நேரம் துளியும் குறையவில்லை. அடிக் குவெரி ஒருமுறை ஓடும், மற்ற மூன்றும் அதன் விளைவை எடுத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். டூப்ளிகேட்டாக இருந்தபோது எவ்வளவு நேரம் ஆனதோ அதே நேரம்தான் இப்போதும். எங்கே தவறுகிறது?


ஏட்டுச்சுவடி:

எங்கும் தவறவில்லை. பவர் குவெரி அப்படித்தான் இயங்குகிறது. இதைத் தெரியாமல் எத்தனையோ பேர் ரெஃபரன்ஸ் கொடுத்துவிட்டு வேகம் வரும் என்று காத்திருப்பதைப் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ரெஃபரன்ஸ் என்பது வரையறையைப் பகிர்வது. விளைவைப் பகிர்வது அல்ல. கிளைக் குவெரி ஒன்று ஓடத் தொடங்கும்போது அடிக் குவெரியின் படிகள் அதன் தலையில் வந்து சேர்ந்துகொள்கின்றன. பிறகு முதற்படியிலிருந்து ஓடுகிறது. மாடலுக்குள் ஏற்றப்படும் ஒவ்வோர் அட்டவணைக்கும் இது தனித்தனியாக நடக்கிறது. மூன்று கிளை என்றால் அந்த ஃபோல்டரிலுள்ள கோப்புகள் மூன்று முறை படிக்கப்படுகின்றன, மூன்று முறை சுத்தம் செய்யப்படுகின்றன. அடிக் குவெரிக்கு 'எனேபிள் லோட்' இருந்தால் நான்காவது முறையும் உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் பவர் பிஐ வழிகாட்டியிலேயே இதற்கென ஒரு பக்கம் இருக்கிறது. ஒரு குவெரியின் விளைவை அதை ரெஃபரன்ஸ் செய்யும் குவெரிகள் பகிர்ந்துகொள்ளும் என்று நினைப்பது சரியல்ல என்று அதில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

எம் மொழி சோம்பல் மதிப்பீட்டு முறையைக் கொண்டது. ஒரு படியின் மதிப்பை யாராவது கேட்கும்வரை அதைக் கணக்கிடாது. கணிநிலா சொன்ன ரெகார்டில் 'தவறான_எண்கள்' புலத்தை யாரும் கேட்கவில்லையென்றால் அது ஓடவே ஓடாது. அந்த வகையில் ரெகார்டு வழியால் வீண்செலவு இல்லை. ஆனால் ஒரு கிளைக்காகக் கணக்கிட்டதை அடுத்த கிளைக்கு எடுத்துவைக்கும் பொறுப்பு அந்த மொழிக்கு இல்லை.

நீங்கள் செய்த மாற்றம் வீண் என்று பொருளில்லை. உங்கள் உண்மையான கேடு, மூன்று கிளைகளில் வெவ்வேறு விதி இருந்ததுதான். அது தீர்ந்துவிட்டது. வேகம் தனிக் கேள்வி, அதற்குத் தனி விடைதான் தேட வேண்டும்.


ஓடைமரம்:

அடிக் குவெரியின் கடைசியில் டேபிள்.பஃபர் போட்டால் போதுமே? அட்டவணை முழுவதும் நினைவகத்தில் வந்து நிற்கும். பிறகு எத்தனை கிளை கேட்டாலும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம். நான் பல கோப்புகளில் போட்டிருக்கிறேன், வேகம் கூடியிருக்கிறது.


ஏட்டுச்சுவடி:

> பிறகு எத்தனை கிளை கேட்டாலும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம்

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். பஃபரின் ஆயுள் ஒரு குவெரியின் ஒரு மதிப்பீட்டோடு முடிகிறது. மூன்று கிளை மூன்று தனி மதிப்பீடு. ஆகவே மூன்று முறை படித்து, மூன்று முறை நினைவகத்தை நிரப்புவீர்கள். முன்பு வரிசை வரிசையாக ஓடிக் கடந்துபோன தரவு இப்போது முழுவதும் வந்து சேரும்வரை அடுத்த படி காத்திருக்க வேண்டும். பேரேடு இதைச் செய்தால் நிலைமை மோசமாகத்தான் ஆகும். மூலம் ஒரு தரவுத்தளமாக இருந்தால் கேடு இன்னும் பெரிது. பஃபருக்குப் பின் வரும் வடிகட்டல் எதுவும் எஸ்.க்யூ.எல். (தரவுத்தளத்தைக் கேட்கும் மொழி) ஆக மாறி மூலத்துக்குப் போகாது.


ஓடைமரம்:

சி.எஸ்.வி. கோப்பில் எதுவும் மூலத்துக்குத் தள்ளப்படுவதில்லையே, அங்கே இழப்பதற்கு என்ன இருக்கிறது? நான் வேகம் கூடியது என்று சொன்னது கற்பனையல்ல. சிறிய அட்டவணை ஒன்றை ஒவ்வொரு வரிசைக்கும் தேடிப்பார்க்கும் குவெரியில் பஃபர் போட்டேன். வித்தியாசம் கண்கூடாகத் தெரிந்தது.


ஏட்டுச்சுவடி:

நீங்கள் சொல்லும் இடத்தில் பஃபர் சரியான மருந்து, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஒரே குவெரிக்குள், ஒரே மதிப்பீட்டுக்குள், ஒரே அட்டவணையைத் திரும்பத் திரும்பத் தொடுகிறீர்கள். அதனால் பயன் இருக்கிறது. பேரேட்டின் சிக்கல் குவெரிகளுக்கு இடையில் இருக்கிறது. அங்கே பஃபருக்குக் கை எட்டாது. கோப்புகளில் தள்ளுவதற்கு ஒன்றுமில்லை என்பதும் சரிதான். நினைவகச் செலவு மட்டும் அப்படியே நிற்கிறது.


சரக்கறை:

நான் தரவுத்தளப் பக்கத்தில் வேலை செய்கிறேன். இதே குழப்பம் அங்கேயும் உண்டு, அதனால் எழுதுகிறேன்.

எஸ்.க்யூ.எல்.-இல் வித் என்று தொடங்கி ஒரு இடைநிலை விளைவுக்குப் பெயர் வைப்போம். ஒருமுறை கணக்கிட்டு இரண்டு இடத்தில் பயன்படுத்துகிறோம் என்றுதான் பார்க்கும்போது தோன்றும். எஸ்.க்யூ.எல். சர்வரில் அப்படி நடப்பதில்லை. பெயரைக் குறிப்பிட்ட இடங்களில் எல்லாம் அந்த வித் பகுதி விரிக்கப்படுகிறது. போஸ்ட்கிரெஸில் 2019-இல் வந்த 12ஆம் பதிப்புக்கு முன்பு வித் பகுதி எப்போதும் தனியே கணக்கிடப்பட்டு எடுத்துவைக்கப்பட்டது. 12-இலிருந்து ஒரே ஓர் இடத்தில் மட்டும் பயன்படுத்தினால் முதன்மைக் குவெரிக்குள்ளேயே கரைத்துவிடுகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் பயன்படுத்தினால் முன்போல் எடுத்துவைக்கிறது. நாமே 'மெட்டீரியலைஸ்டு' என்றோ 'நாட் மெட்டீரியலைஸ்டு' என்றோ எழுதிக் கட்டாயப்படுத்தவும் செய்யலாம். ஒரே வரியை இரண்டு தரவுத்தளங்கள் இரண்டு விதமாகப் புரிந்துகொள்கின்றன என்பதைக் கவனியுங்கள். குவெரியைப் படித்துப் பார்த்து எத்தனை முறை ஓடும் என்று சொல்ல முடியாது. செயல்திட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

வியூவும் பெயர்தான். அதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் உள்ளேயிருக்கும் குவெரி ஓடும். தற்காலிக அட்டவணை, மெட்டீரியலைஸ்டு வியூ ஆகிய இரண்டிலும் விளைவு உண்மையாகவே வட்டில் எழுதப்படுகிறது. எழுதப்பட்டதால்தான் அது பழையதாகவும் ஆகிறது. யார் எப்போது புதுப்பிப்பது என்ற பொறுப்பு நம் தலையில் வந்து விழுகிறது.

தரவுத்தள அட்டவணைகளைக் கட்டும் கருவியான டி.பி.டி. பயன்படுத்துகிறவர்களுக்கும் இது பொருந்தும். ரெஃப் போட்டு ஒரு மாடல் இன்னொன்றைக் கேட்கிறது. கேட்கப்படும் மாடல் 'எஃபிமெரல்' என்றால் கேட்கும் ஒவ்வொன்றுக்குள்ளும் வித் பகுதியாக நுழைந்துவிடும். 'டேபிள்' என்றால் ஒருமுறை எழுதப்பட்டு எல்லோரும் அதிலிருந்து படிப்பார்கள். அந்த ஒரு சொல்லை மாற்றுவதுதான் வேறுபாடு. அந்தச் சொல் கண்ணெதிரே இருப்பதால் அங்கே குழப்பம் குறைவு. பவர் குவெரியில் அப்படி ஒரு சொல்லே இல்லை என்பது எனக்கு உண்மையான குறையாகத் தெரிகிறது.


கணிநிலா:

பேரேடு, வேகத்துக்கு மருந்து தேடுவதற்கு முன் ஒரு கேள்வி. மூன்று கிளையும் பவர் குவெரியில்தான் இருக்க வேண்டுமா?

மாதவாரி வரித் தொகைக்கு அட்டவணையே வேண்டாம். சுத்தமான கொள்முதல் வரிசைகள் மாடலுக்குள் ஒருமுறை வந்துவிட்டால் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி., ஐ.ஜி.எஸ்.டி. மூன்றுக்கும் ஒவ்வொரு மெஷர் (கேட்கும்போது கணக்கிடும் சூத்திரம்) எழுதி, தேதி அட்டவணையின் மாதத்தோடு வைத்தால் முடிந்தது. முன்கூட்டியே கூட்டிவைத்தால் நாளை வாடிக்கையாளர் கிளை வாரியாகக் கேட்கும்போது திரும்ப ஒரு குவெரி எழுத வேண்டியிருக்கும்.

விற்பனையாளர் பட்டியலை மாடலின் சூத்திர மொழியான டாக்ஸில் கணக்கிட்ட அட்டவணையாக எடுக்கலாம். அது மாடலுக்குள் ஏற்கெனவே ஏறிய தரவிலிருந்து உருவாவதால் ஃபோல்டரை மறுபடி தொடாது. அங்கே 'வேல்யூஸ்' பயன்படுத்தாதீர்கள், 'டிஸ்டிங்ட்' பயன்படுத்துங்கள். உறவில் பொருத்தமில்லாத வரிசைகளுக்காக மாடல் சேர்க்கும் வெற்று வரிசையையும் 'வேல்யூஸ்' கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதனால் அந்தப் பட்டியலையே கொள்முதல் அட்டவணையோடு உறவாக இணைக்கப்போகும்போது வட்டச் சார்பு என்று பிழை காட்டும்.

பட்டியலில் ஜி.எஸ்.டி. எண்ணின் 3ஆவது எழுத்திலிருந்து 12ஆவது எழுத்துவரை எடுத்து ஒரு தனி நெடுவரிசை வையுங்கள். அது விற்பனையாளரின் பான் எண். ஒரே நிறுவனம் தமிழ்நாட்டில் 33, கர்நாடகத்தில் 29, கேரளத்தில் 32 என்று வெவ்வேறு எண்களில் பதிவு செய்திருக்கும். பான் வழியாகப் பார்த்தால்தான் ஒரு விற்பனையாளரிடம் மொத்தம் எவ்வளவு வாங்கினோம் என்று தெரியும்.

இப்படிச் செய்தால் பவர் குவெரியில் கொள்முதல் அட்டவணையைத் தவிர 2பி ஒப்பீடு மட்டும்தான் அடிக் குவெரியைத் தனியாகக் கேட்கும்.


சரக்கறை:

ஒப்பீட்டுச் சாவியில் என்னென்ன இருக்கின்றன? ஜி.எஸ்.டி. எண்ணும் பில் எண்ணும் மட்டும்தான் என்றால் நிதியாண்டையும் சேர்த்துவிடுங்கள். பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக் கூடாது என்பதுதான் விதி. ஏப்ரலில் 1-இலிருந்து மறுபடி தொடங்குகிறவர்கள் நிறைய. இரண்டு ஆண்டுக் கோப்புகள் ஒரே ஃபோல்டரில் இருந்தால் போன ஆண்டின் 47ஆம் பில் இந்த ஆண்டின் 47-ஓடு போய் ஒட்டிக்கொள்ளும். தொகையைச் சாவியில் சேர்க்காதீர்கள்; ஒரு ரூபாய் முழுமையாக்கினாலே பொருந்தாமல் போய்விடும். பொருந்திய பின் தொகை வித்தியாசத்தைத் தனி நெடுவரிசையாகப் பாருங்கள்.


பேரேடு:

நிதியாண்டு சாவியில் இல்லை, சேர்த்துவிடுகிறேன். கணிநிலா சொன்னபடி மாத அட்டவணையை எடுத்துவிட்டு மெஷர்களாக்கிவிட்டேன். பட்டியலும் டாக்ஸுக்குப் போய்விட்டது. ரிஃப்ரெஷ் நன்றாகவே குறைந்துவிட்டது.

இப்போது 2பி ஒப்பீட்டில் புதிதாக ஒரு பிழை. 2பி கோப்புகளை வலைத்தளத்திலிருந்து எக்செலாக இறக்கி வேறொரு ஃபோல்டரில் வைத்திருக்கிறோம். ஒப்பீட்டுக் குவெரியில் அந்த ஃபோல்டரைப் படித்து, அதே குவெரியில் 'கொள்முதல்_அடி[தூய்மை]'யோடு மெர்ஜ் (சாவியை வைத்து இணைத்தல்) செய்தால் 'ஃபார்முலா.ஃபயர்வால்' என்று ஒரு நீண்ட செய்தி வருகிறது. மற்றக் குவெரிகளைக் குறிப்பிடுவதால் தரவு மூலத்தை நேரடியாக அணுகக் கூடாது என்கிறது.


ஓடைமரம்:

கோப்பு அமைப்புகளில் பிரைவசி லெவலை (ஒரு மூலத்தின் தரவு இன்னொன்றுக்குப் போகலாமா என்று சொல்லும் குறி) புறக்கணிக்கும் தேர்வைக் கொடுத்துவிடுங்கள், போய்விடும்.


தென்கரை:

ஓடைமரம் சொன்னபடி செய்தால் செய்தி போய்விடும்தான். ஆனால் அந்தச் செய்தி எதற்காக வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் அதை அணைக்கக் கூடாது. மெர்ஜ் செய்யும்போது ஒரு மூலத்தின் மதிப்புகளை இன்னொரு மூலத்துக்குக் கேள்வியாக அனுப்பும் வாய்ப்பு பவர் குவெரிக்கு உண்டு. இரண்டும் உங்கள் கணினியிலுள்ள ஃபோல்டர்கள் என்றால் ஆபத்து இல்லை. நாளை ஒருவர் ஏதோ ஒரு வலைச் சேவையை அதே கோப்பில் சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் விற்பனையாளர் எண்கள் எல்லாம் அந்தச் சேவைக்குப் போய்விடலாம். தணிக்கை அலுவலகம் அதற்கு இடம் கொடுக்கவே கூடாது.

சரியான தீர்வு நீங்கள் ஏற்கெனவே பழகிய வழிதான். மூலத்தைத் தொடும் குவெரி வேறு குவெரியைக் கேட்கக் கூடாது. மற்றக் குவெரிகளைக் கேட்கும் குவெரி மூலத்தைத் தொடக் கூடாது. 2பி ஃபோல்டரைப் படிப்பதற்கு '2பி_அடி' என்று தனிக் குவெரி வையுங்கள். ஒப்பீட்டுக் குவெரியில் இரண்டு அடிகளையும் பெயரால் மட்டும் கேளுங்கள். இரண்டு ஃபோல்டர்களுக்கும் பிரைவசி லெவலை 'ஆர்கனைசேஷனல்' என்று ஒன்றாகவே குறித்துவிடுங்கள்.

மெர்ஜில் 'ஃபுல் அவுட்டர்' எடுங்கள். பதிவேட்டில் இருந்து 2பி-யில் இல்லாததும், 2பி-யில் இருந்து பதிவேட்டில் ஏறாததும் ஒரே அட்டவணையில் தெரிய வேண்டும். இரண்டாவது வகையை யாரும் தேடுவதில்லை. வாடிக்கையாளர் பில்லைத் தொலைத்துவிட்டு வரவை இழப்பது அங்கேதான்.

அடிக் குவெரிகளை ஒரு குழுவிலும் இறுதி அட்டவணைகளை இன்னொரு குழுவிலும் வைத்துவிட்டு, வியூ பட்டையில் 'குவெரி டிபெண்டென்சீஸ்' படத்தைத் திறந்து பாருங்கள். ஒரு மூலத்திலிருந்து கிளம்பும் கோடு அடிக் குவெரியைத் தொடாமல் நேரே இறுதி அட்டவணைக்குப் போனால் அங்கே ஏதோ பழைய நகல் மிச்சமிருக்கிறது என்று பொருள்.


பேரேடு:

பிரித்துவைத்தவுடன் பிழை போய்விட்டது. படத்திலும் கோடுகள் ஒழுங்காக இருக்கின்றன.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். அலுவலகத்தில் இன்னும் சிலர் இதே சுத்தமான பதிவேட்டைத் தங்கள் அறிக்கைகளில் பயன்படுத்த விரும்புகிறார்கள். அவர்களுக்கு என் அடிக் குவெரியை நகல் எடுத்துக் கொடுத்தால் பழைய கதை மறுபடி தொடங்கிவிடும். பல கோப்புகளுக்கு இடையே பகிர்வது எப்படி?


ஏட்டுச்சுவடி:

கோப்பைத் தாண்டிவிட்டதால் இப்போது விளைவையே பகிர வேண்டும். வரையறையைப் பகிர்ந்து பயனில்லை.

பவர் பிஐ சேவையில் டேட்டாஃப்ளோ ஒன்றை உருவாக்கி, அடிக் குவெரியின் எம் வரிகளை அங்கே ஒட்டுங்கள். அங்கே வெளியீடு அட்டவணையாக இருக்க வேண்டும், ரெகார்டாக இருந்தால் ஏறாது. 'தூய்மை', 'தவறான_எண்கள்' இரண்டையும் தனி அட்டவணைகளாகப் பிரித்துவிடுங்கள். டேட்டாஃப்ளோ ரிஃப்ரெஷ் ஆகும்போது விளைவு சேவையின் சேமிப்பில் எழுதப்படுகிறது. அலுவலகத்தில் எத்தனை அறிக்கைகள் கேட்டாலும் எழுதிவைத்த அதைத்தான் படிக்கும். சுத்தம் செய்யும் படிகள் மறுபடி ஓடுவதில்லை. கோப்புகள் உங்கள் கணினியிலோ அலுவலக சர்வரிலோ இருந்தால், அவற்றைச் சேவையோடு இணைக்கும் கேட்வே நிறுவ வேண்டும். ஷேர்பாயின்ட்டில் இருந்தால் தேவையில்லை. ஒரு டேட்டாஃப்ளோ அட்டவணையின் விளைவை எடுத்து டேட்டாஃப்ளோவுக்குள்ளேயே இன்னொன்றைக் கட்டும் வசதிக்குப் பிரீமியம் வகை உரிமமோ கொள்ளளவோ வேண்டும். உங்கள் தேவைக்கு அது வேண்டாம். மேலே கட்டுவதை அவரவர் டெஸ்க்டாப்பிலேயே செய்துகொள்ளட்டும்.

சேவைக்கு உரிமம் வாங்கும் நிலையில் அலுவலகம் இல்லையென்றால், சுத்தமான பதிவேட்டை ஒரு சிறிய தரவுத்தள அட்டவணையாக எழுதிவைத்தாலும் வேலை நடக்கும். எழுதும் பொறுப்பு ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டும்.


சரக்கறை:

அதோடு, முடிந்துபோன ஆண்டுகளைத் தினமும் சுத்தம் செய்வதை நிறுத்துங்கள். சென்ற ஆண்டின் சுத்தமான விளைவை ஒரே சி.எஸ்.வி. கோப்பாக எழுதி 'முடிந்தவை' என்ற ஃபோல்டரில் வைத்துவிட்டு, அடிக் குவெரியில் இந்த ஆண்டின் வரிசைகளோடு கீழே சேர்த்துக்கொள்ளுங்கள். பில் எண் நெடுவரிசைக்கு அங்கேயும் எழுத்து வகையைக் கையால் குறியுங்கள். இல்லாவிட்டால் எழுதும்போது '0047' என்று போனது படிக்கும்போது 47 என்று திரும்பி வந்துவிடும்.


பேரேடு:

சென்ற ஆண்டை எப்போது முடிந்ததாக வைப்பது? மார்ச் 31 தாண்டியவுடன் வைத்துவிடலாமா?


தென்கரை:

கூடாது. ஒரு நிதியாண்டின் பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவை அடுத்த நவம்பர் 30 வரையோ, ஆண்டறிக்கை தாக்கல் செய்யும்வரையோ, எது முந்தையதோ அதுவரை எடுக்கலாம். விற்பனையாளர் தாமதமாகப் போட்ட மார்ச் பில் செப்டம்பர் மாதத்து 2பி-யில் வந்து நிற்பது சாதாரணம். பதிவேட்டிலும் அதுவரை திருத்தம் வந்துகொண்டிருக்கும். அந்தக் கெடு முடிந்து, அந்த மாதத்து 3பி (வரி செலுத்தும் அறிக்கை) தாக்கலும் ஆன பிறகு எழுதி வையுங்கள். அதுவரை இரண்டு ஆண்டுகளின் மூலக் கோப்புகளும் ஃபோல்டரிலேயே இருக்கட்டும்.